கால் போன இடத்தில் கதவு

பொத்தேரி,
4.5.2025

ஞானஜோதிக்கு ஆபேல் எழுதுவது.

பொருள்: கிழக்குத் தாம்பரம் வீட்டின் இரண்டு பாதிகளையும் சேர்த்து இடித்துக் கட்டுவது குறித்து.

முப்பத்தைந்து வருஷம் ரயில்வே ஆபீசில் கடிதம் எழுதிய கை. பொருள் போடாமல் ஆரம்பிக்க வரவில்லை. சிரிக்காதே.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் உன் வாசலில் வந்து நிற்கலாம். நின்று என்ன செய்வது? தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்ப்பதற்கு அறுபத்திரண்டு வயதில் பஸ் ஏற வேண்டுமா? ஆகவே தபால்.

சேலையூர் புரோமோட்டர் ராஜகோபால் வந்து பேசினார். உன் மேற்குப் பாதியும் என் கிழக்குப் பாதியும் சேர்ந்தால்தான் இடத்துக்கு அகலம் வருமாம். ஆளுக்கு இரண்டு பிளாட். ஜூலை மாசக் கடைசிக்குள் நம் இருவர் கையெழுத்தும் வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். நான் பூட்டிவிட்டு வந்து ஒன்பது வருஷமாகிறது. மாடிச் சுவரில் அரசங்கன்று என் தோள் உயரம் வளர்ந்திருக்கிறது. விக்கியும் ‘எவ்ளோ நாள் சும்மா பூட்டி வெச்சிருப்பீங்க அப்பா?’ என்று கேட்கிறான்.

இன்னொன்று. நம் சபை மண்டபத்துக்கு அடுத்த வருஷம் நூறு வயது. நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். அதைக் கட்டிய ‘ஜீவரத்தினம் சகோதரர்கள்’ கம்பெனியைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஜாஸ்மின் டீச்சர் கேட்டிருக்கிறார். தாத்தா கம்பெனியில் வீடு வீடாக எழுதி வைத்த கோட்டு நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது. அதைக் கூரியரில் அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஆபேல்


கிழக்குத் தாம்பரம்,
11.5.2025

ஆபேல் அண்ணனுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் கை போனது, இழுத்துப் பிடித்துவிட்டேன். உன் கடிதத்திலும் அது இல்லை.

உன்னோடு பேச மாட்டேன் என்று 2015 ஜனவரியில் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே என் சத்தியம் பத்திரமாக இருக்கிறது.

நோட்டு இந்த வீட்டை விட்டு எங்கும் போகாது. நூறு வருஷத்துக் காகிதம், கூரியர்க்காரன் கையில் அப்பளமாகிவிடும். வேண்டிய பக்கங்களை நானே பார்த்து எழுதி அனுப்புகிறேன். முப்பது வருஷம் கரும்பலகையில் பூகோளம் எழுதியவளுக்கு இது ஒரு வேலையா? அந்த ஜாஸ்மின் என்னைக் கேட்காமல் உன்னைக் கேட்டது ஏன் என்பதை அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்து விஷயம். நானும் பத்து வருஷமாக ஒன்று கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிறேன். அன்றைக்கு ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் கட்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன். கூடத்தின் நடுக்கதவைத் திறந்தால் எதிரே செங்கல். சாந்து ஈரம் கூடக் காயவில்லை. உன் பாதிக்கும் என் பாதிக்கும் நடுவே இருந்த ஒரே வழியை உன் பக்கத்திலிருந்து அடைத்துவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுஜி அண்ணி போய் அப்போதுதான் நாற்பது நாள். அண்ணியின் சமையல் அலமாரியை உன்னைக் கேட்காமல் நான் ஒழித்து வைத்தேன், அதற்காகத்தானே? எறும்பு மொய்த்த ஊறுகாய் ஜாடியைக் கழுவியது ஒரு குற்றமா? அண்ணி உனக்கு மட்டும் மனைவியாக இருந்துவிட்டுப் போகவில்லை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். அவளுக்காக அழ எனக்கு உன் வீட்டுப் பக்கம் ஒரு மூலை வேண்டியிருந்தது. நீ சுவர் எழுப்பினாய்.

அந்தக் கதவைத் திற. கையெழுத்துப் போடுகிறேன்.

ஞானஜோதி


பொத்தேரி,
18.5.2025

ஜோதிக்கு,

நாளைக்கு இடிக்கப் போகிற வீட்டில் இன்றைக்குக் கதவைத் திறக்கச் சொல்கிறாய். இதைக் கேட்டால் ராஜகோபால் எழுந்து ஓடிவிடுவார். அலமாரிக்கும் சுவருக்கும் சம்பந்தமில்லை. அதற்கு மேல் கேட்காதே. கதவைத் திறக்க என்னால் முடியாது.

மலருக்கு ஆரம்பித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், தப்பிருந்தால் டீச்சர் சிவப்பு மையில் திருத்தலாம். தாத்தா ஜீவரத்தினம் பட்டணத்தில் சர்க்கார் கட்டட ஆபீசில் பிளான் வரைபவராக இருந்தார். அவர் தம்பி சின்னப்பன் பல்லாவரம் கல் குவாரியில் சூப்பர்வைசர். 1908ல் இருவரும் வேலையை விட்டுவிட்டுத் தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் ஓர் ஓட்டு வீட்டில் கம்பெனி திறந்தார்கள். அண்ணன் வரைவது, தம்பி கட்டுவது. வண்டலூரிலிருந்து பல்லாவரம் வரை ரயில் பாதையை ஒட்டி அறுபது எழுபது வீடுகள், நம் சபை மண்டபம், இரண்டு சத்திரம். யுத்தத்தில் இரும்பும் சிமென்ட்டும் கிடைக்காமல் 1942ல் மூடினார்கள். சின்னப்பன் தாத்தாவுக்குப் பிள்ளையில்லை, அதனால் இரண்டு பாதியும் அப்பாவுக்கு வந்து, அப்பாவிடமிருந்து ஆளுக்கொன்றாக நமக்கு வந்தது.

கோட்டு நாள் என்று ஒன்று வைப்பார்களாமே, அதைப் பற்றி அப்பா சொன்னது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. நோட்டு முழுக்க அதுதானே? அதை மட்டும் எழுதி அனுப்பு.

உன் பக்கத்து மாமரம் இந்த வருஷம் காய்த்ததா?

ஆபேல்


கிழக்குத் தாம்பரம்,
1.6.2025

அண்ணனுக்கு,

காய்த்தது. உன் பக்கம் சாய்ந்த கிளையில்தான் நிறைய. பூட்டிய வாசலில் விழுந்து அழுகுகிறது. வாசனை மட்டும் எனக்கு.

கோட்டு நாளைப் பற்றி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முந்தின நாள் மனையைச் சுத்தமாகச் சமன் செய்வார்கள். விடியற்காலையில் அங்காளம்மாள் என்கிற வேலைக்காரி கூடையில் சுண்ணாம்புப் பொடியோடு வருவாள். கம்பெனியிலேயே அவள் கைக்கோடுதான் நேராக விழுமாம், கயிறு கூட வேண்டாமாம். பிளானில் இருக்கிற வீட்டை அதே அளவில் தரையில் போட்டுவிடுவாள். சுவர் இருக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு, கதவு இருக்கும் இடத்தில் இடைவெளி. வீட்டுக்காரர்கள் பாயும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்து காலை முதல் பொழுது சாயும்வரை அந்தக் கோட்டு வீட்டுக்குள் வாழ வேண்டும். சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், மத்தியானம் படுக்க வேண்டும். தலைக்கு மேலே வானம், சுற்றிலும் பொட்டல். கோடு என்றால் சுவர்தான்.

ஆனால் கால் சொன்னபடி கேட்குமா? மறந்துபோய் எங்கேயாவது கோட்டைத் தாண்டிவிடும். மேஸ்திரி ஏசுதாசன் மரத்தடியில் உட்கார்ந்து யார் எங்கே தாண்டினார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று எழுதிக்கொண்டே இருப்பார். மாலையில் பிளானைத் திருத்துவார்கள். கால் போன இடத்தில் கதவு, கண் போன இடத்தில் ஜன்னல். கம்பெனியின் சட்டம் அது ஒன்றுதான். மேஸ்திரியின் எழுத்து இது:

‘பல்லாவரம், 1913. தபாலாபீஸ் குமாஸ்தா வீடு. அவர் சம்சாரம் மத்தியானம் பூராவும் பின்கட்டு மூலையிலே நின்றாள். அங்கிருந்து ரயில் தெரிகிறது. பிறந்த ஊர் விழுப்புரமாம். பிளானில் அங்கே சுவர். ஜன்னல் வைத்தோம்.’

‘அனகாபுத்தூர், 1916. நெசவுக்காரர் வீடு. தறி வரும் இடத்தில் உட்கார்ந்து வெறுங்கையாலே நாடா எறிந்து பார்த்தார். கை கோட்டைத் தாண்டிற்று. சுவரை ஒன்றேகால் அடி தள்ளினோம்.’

‘பெருங்களத்தூர், 1919. வீட்டுக்காரர் பசுமாடு மேற்குக் கோட்டை ஐந்து தரம் கடந்தது. பெரிய ஐயா சிரித்தார். சின்ன ஐயா, மாடும் வீட்டு மனுஷிதானே என்றார். கதவு வைத்தோம்.’

அண்ணா, இதை எழுதி முடித்துவிட்டு மத்தியானம் கண் அசந்தேன். கனவில் நம் வீடு முழுக்கக் கோடாக இருந்தது. கூரை இல்லை. அம்மா கோட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள், காற்றில் தோல் பறந்து சுவர்களைத் தாண்டித் தாண்டிப் போகிறது. யாரும் தடுக்கவில்லை. ரொம்ப நிம்மதியாக இருந்தது. பால்காரர் மணி அடித்துக் கெடுத்துவிட்டார்.

என் நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது.

ஜோதி


பொத்தேரி,
15.6.2025

ஜோதிக்கு,

நீ அனுப்பியதை நாலு தரம் படித்தேன். அதன் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது. இந்த பிளாட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தால் என் கால் இடது பக்கம்தான் திரும்புகிறது. இடது பக்கம் விக்கியின் பீரோ. தினமும் முட்டிக்கொள்கிறேன். இதுவரை தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன். அங்கே, நம் வீட்டில், இடது பக்கம்தான் முற்றத்துக்கு வழி. கால் இன்னும் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறது போலிருக்கிறது.

மலருக்கு மண்டபத்து வளைவுக் கதையையும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். உனக்கும் தெரிந்ததுதான். தாத்தா மண்டபத்து வாசல் வளைவைப் பதினாலு அடிக்கு வரைந்தார். அவ்வளவு உயரம் நிற்காது என்று சின்னப்பன் தாத்தா கேட்காமலே பதிமூன்று அடியில் முடித்துவிட்டார். 1926ல் திறப்பு விழாவன்று ஊர் முன்னால் தாத்தா அண்ணாந்து பார்த்து, ‘இதை யார் கட்டியது?’ என்று கேட்டாராம். தம்பி கும்பிட்டுவிட்டு வெளியே போனவர்தான். அன்றோடு பேச்சு நின்றது. கம்பெனி நிற்கவில்லை! ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து, பழைய பிளானைக் கிழித்து அதன் முதுகில் சீட்டு எழுதிச் சீட்டாலேயே தொழில் நடத்தினார்கள். நம் குடும்பத்தில் வாய் மூடினால் கை எழுத ஆரம்பித்துவிடும் போல.

இதைப் படித்தால் ஜாஸ்மின் டீச்சர் முகம் சுளிப்பார். ஆகவே நம் வீட்டைப் பற்றி எழுதி முடிக்கலாம். அடுத்த வருஷம் கட்டிய சொந்த வீடு, இரண்டு பாதி, நடுவில் கதவு. கோட்டு நாளில் நாலு வயசு கிறிஸ்டினா அத்தை நடுக்கோட்டைத் தாண்டித் தாண்டிச் சித்தப்பாவிடம் ஓடினதாலேதானே அங்கே கதவு வந்தது? ‘நான் ஓடின ஓட்டத்துல வெச்ச கதவுடா இது’ என்று அத்தை சாகும்வரை பெருமையடித்தாளே. அந்தப் பக்கத்தை மட்டும் எழுதி அனுப்பு. முடிவுக்கு நன்றாக இருக்கும்.

உன் பக்கத்து மாங்காயில் இரண்டு விக்கியிடம் கொடுத்துவிடு. இந்த சனிக்கிழமை அந்தப் பக்கம் வருவான்.

ஆபேல்


கிழக்குத் தாம்பரம்,
29.6.2025

அண்ணா,

விக்கியிடம் ஆறு கொடுத்தேன். உன்னிடம் எத்தனை வந்து சேர்ந்தது?

நம் வீட்டுப் பக்கத்தை நான் இதுவரை படித்ததே இல்லை. அதுதான் நமக்குத் தெரிந்த கதையாயிற்றே என்று தாண்டிப் போய்விடுவேன். இப்போது படித்தேன். ஒரு வாரமாக என்ன எழுதுவது என்று தெரியாமல் மேஜையில் அப்படியே வைத்திருந்தேன். நீயே படி:

‘தாம்பரம் கிழக்கு, 1927 மாசி. ஐயாமார் சொந்த வீடு. கிழக்கு பெரியவருக்கு, மேற்கு சின்னவருக்கு. நடுக்கோடு இடைவெளி இல்லாமல் முழுசாய்ப் போட வேண்டுமென்று பெரியவர் சொன்னார். சின்னவரும் அப்படியே சீட்டு எழுதிக் கொடுத்தார். குழந்தை கிறிஸ்டினாவுக்குக் காய்ச்சல், அழைத்து வரவில்லை. காலை தொட்டு மாலை வரை நடுக்கோட்டை ஒருத்தரும் கடக்கவில்லை. பெரியவர் கோட்டண்டை ஏழு தரம் வந்து நின்றார். சின்னவர் தம் பக்கத்தில் ஒன்பது தரம். இரண்டு தரம் இருவரும் ஒரே வேளையில் நின்றார்கள். பேச்சில்லை.

பொழுது சாய அங்காளம்மாள் கஞ்சிப் பானையோடு வந்து, “இன்னா சாமி, ஆளுக்கொரு பக்கம் நின்னுகினு கீறீங்க? அடுப்பு ஒண்ணுதான் கீது. நான் எத்தினி தபா சுத்திகினு வர்றது?” என்று சொல்லி, ஒருத்தரையும் கேளாமல் காலாலே மூன்றடி கோட்டை அழித்துவிட்டாள். ஐயாமார் இருவரும் பார்த்தார்கள். ஒருத்தரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கதவு வைத்தேன். ஏசுதாசன்.’

அத்தை ஓடவே இல்லை, அண்ணா. காய்ச்சலில் படுத்திருந்திருக்கிறாள். பெரியவர்கள் இருவரும் வெட்கப்பட்டுக்கொண்டு குழந்தை தலையில் கதையைக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. பாவம், அவளும் நம்பி எழுபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கால் போன இடத்தில் கதவு என்பது சட்டம். இந்த நோட்டில் எழுபத்தொரு வீடு இருக்கிறது. ஒரு காலும் போகாத இடத்தில் கதவு வைத்தது நம் வீட்டில் மட்டும்தான். நோட்டோடு கட்டி வைத்திருந்த தாத்தாக்களின் சீட்டுகளையும் எடுத்துத் தேதி பார்த்தேன். கோட்டு நாளுக்கு முந்தின வாரத்தோடு சீட்டு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பேசினார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. பேசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் பதினைந்து வருஷம் எப்படிக் கட்டியிருப்பார்கள்?

நீயும் நானும் பத்து வருஷத்தில் எத்தனை தரம் அந்தக் கோட்டண்டை வந்து நின்றோம் என்று எழுத நமக்கு ஒரு மேஸ்திரி இல்லை.

எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான். ஆனால் முன்பிருந்த அளவு இல்லை, அதுவே எரிச்சலாக இருக்கிறது.

ஜோதி


பொத்தேரி,
13.7.2025

அன்புள்ள ஜோதி,

எழுதிவிட்டேன் பார். அடிக்கவில்லை.

மாங்காய் மூன்றுதான் வந்தது.

போன ஞாயிறு மத்தியானம் இங்கே கரண்ட் இல்லை. லிஃப்ட் இல்லை, மின்விசிறி இல்லை. கீழே கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. என்ன தோன்றியதோ, இரண்டு பாக்கெட் கோலமாவு வாங்கி வந்து நம் வீட்டைப் போட ஆரம்பித்தேன். அளவெல்லாம் நினைவிலிருந்துதான். முற்றம், அப்பாவின் அறை, உன் பக்கத்துக் கிணற்றடி எல்லாம் வந்தது. அங்காளம்மாளின் கை எனக்கு இல்லை, கோடு பாம்பாக ஓடியது. வாட்ச்மேன் வந்து, “இன்னா சார், கிரிக்கெட் பிட்ச்சா?” என்றார். வீடு என்றேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இந்தக் குடியிருப்பு முழுக்கக் காலேஜ் பிள்ளைகள். நாலு பேர் போனைப் பார்த்தபடியே அப்பாவின் அறைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறினார்கள். “சுவர்! சுவர்!” என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை ஜோதி. “சாரி அங்கிள்” என்று சொல்லித் திரும்பி வந்து வாசல் வழியாக நுழைந்தார்கள். இரண்டாவது மாடி அனுப்பிரியா என்கிற பெண் செருப்பைக் கூடக் கழற்றிவிட்டு வந்தாள். அடுப்பங்கரை எது, சாமான் அறை எது என்று கேட்டுக்கொண்டே நடந்தவள் கூடத்தில் நடுக்கோட்டருகே நின்று, “இந்தப் பக்கம் போறதுக்கு வழியே இல்லையா அங்கிள்?” என்றாள்.

நான் அங்கே இடைவெளி விடவில்லை. முழுக்கோடாகப் போட்டிருந்தேன். கையே அப்படிப் போட்டிருந்தது.

அவளிடம், அது பெரிய கதை என்றேன். உனக்குச் சொல்கிறேன்.

சுஜி தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உனக்குக் காபி எடுத்து வருவாள், நினைவிருக்கிறதா? அந்தக் கீல் ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன். இருபத்தாறு வருஷம் எனக்கு அலாரமே கிடையாது. அவள் போன பிறகு, டிசம்பர்க் காற்று. என் பக்கத்து ஜன்னலில் புகுந்து அந்தக் கதவைத் தள்ளும். விடியற்காலையில் அதே சத்தம். எழுந்து உட்கார்ந்துவிடுவேன். காபி எனக்கும் கொண்டு வா என்று ஒரு நாள் வாய்விட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. நாற்பது நாள் தினமும் அவள் எனக்குத் திரும்பத் திரும்பச் செத்தாள், ஜோதி. என்னால் தாங்க முடியவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னேன். உன்னை நான் நினைக்கவே இல்லை. அதுதான் நான் செய்த தப்பு. உன்னை அடைப்பதாக நீ நினைப்பாய் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த நாள் உன் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். காற்றுக்குப் பயந்து சுவர் வைத்தேன் என்று ஓர் ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது?

கோலமாவை மழை அன்றைக்கே கரைத்துவிட்டது.

அண்ணன்


கிழக்குத் தாம்பரம்,
19.7.2025

அன்புள்ள அண்ணா,

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கீலுக்கு எண்ணெய் போட்டிருப்பேன்.

இதை எழுதிவிட்டு அழுதேன். எண்ணெய் போட்டிருந்தால் அந்தச் சத்தமும் போயிருக்கும், அண்ணி வருகிற மாதிரி இருந்த ஒன்றும் போயிருக்கும். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தில்தான் நானும் விழிப்பேன் என்பது உனக்குத் தெரியாது. ஒரே கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் படுத்துக்கொண்டு ஒரே ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறோம்.

கதவைத் திறக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். பத்திரத்தை அனுப்பு, நிபந்தனை ஒன்றும் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன். நான் பிடிவாதக்காரிதான், கல் நெஞ்சக்காரி இல்லை.

அண்ணியின் ஊறுகாய் ஜாடி என்னிடம்தான் இருக்கிறது. வருஷா வருஷம் அதில்தான் மாங்காய் போடுகிறேன்.

ஜோதி


பொத்தேரி,
27.7.2025

அன்புள்ள ஜோதி,

நேற்று வந்தது நான்தான். சுத்தியல் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும்.

பத்திரத்தைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். தபாலாபீஸ் வாசலில் நின்று யோசித்துவிட்டு, கொத்தனார் வெற்றிவேலைக் கூப்பிட்டுக்கொண்டு தாம்பரம் பஸ் ஏறினேன். அவர் ஓயாமல் புலம்பினார். “சார், இடிக்கிற வூட்டுக்கு இன்னாத்துக்கு சார் இந்த வேலை? பொக்லைன் வந்தா ஒரே தட்டு. பேஜாரு சார்.” நாலரை இஞ்சு சுவர்தான். பத்து வருஷம் எனக்கு மலையாக இருந்தது முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது. கடைசி இரண்டு வரிசையை நானே எடுத்தேன். அதைப் பார்த்து அவரும் புலம்பலை நிறுத்திவிட்டார்.

செங்கல்லுக்குப் பின்னால் கதவு அப்படியே இருக்கிறது. அதே பச்சை பெயின்ட். சுஜியின் கை பட்டுப் பட்டு மங்கின இடம் கூட அப்படியே இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

என் வேலை அவ்வளவுதான். தாழ்ப்பாள் உன் பக்கம். சுவர் வைத்த அன்றைக்கே நீ போட்டிருப்பாய், போட்டது நியாயம்தான். பத்திரத்தைக் கதவடியில் என் பக்கம் ஒரு செங்கல்லின் கீழே வைத்துவிட்டு வந்தேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது திறந்து எடுத்துக்கொள். தோன்றாவிட்டாலும் சரி. ராஜகோபால் போனால் போகட்டும்.

அண்ணன்


கிழக்குத் தாம்பரம்,
30.7.2025

அன்புள்ள அண்ணா,

முதல் அடி விழுந்தபோதே தெரியும் நீதான் என்று. நீ இருமினாய்.

இரண்டு டம்ளர் காபி போட்டு எடுத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். செங்கல் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அப்புறம் சத்தம் நின்றது. நீ அந்தப் பக்கம் நிற்கிறாய் என்று தெரிகிறது. மூச்சு வாங்குகிறாய். நான் பேசவில்லை. நீ முதலில் வர வேண்டும் என்று ஒரு வீம்பு, இந்தக் குடும்பத்து ரத்தம். கடைசியில் உன் செருப்புச் சத்தம் தூரப் போய்விட்டது. இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

பத்திரத்தை எடுத்தேன். கையெழுத்துப் போட்டு மறுபடி அதே செங்கல்லின் கீழே வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், நீதான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இடிக்கட்டும். ஆனால் ராஜகோபாலிடம் ஒன்று சொல்லிவிடு: தோண்டுவதற்கு முன்னால் ஒரு நாள் நாம் இருவரும் அந்தத் தரையில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு நான் வாங்கி வைக்கிறேன். உன் பிளாட்டுக்கும் என் பிளாட்டுக்கும் நடுவே கோடு போடும்போது மூன்றடி விடச் சொல். விடமாட்டேன் என்றால் காலால் அழித்துவிடுவேன்.

மலரில் அங்காளம்மாள் பெயரைப் போடு. சிறிதாக இல்லை, தாத்தாக்கள் பெயர் அளவுக்கே.

இன்னும் ஒன்று. நீ அவ்வளவு நேரம் நின்றாயே, ஒரு தரம் தள்ளிப் பார்த்திருக்கக் கூடாதா? பத்து வருஷமாக தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் கதவைத் திறப்பேன். செங்கல் இருக்கும். மூடுவேன். ஒரு நாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை.

ஜோதி